சார், பெருசு, சாவுகிராக்கி: சைக்கிள்ல போறவங்கள வண்டிக்காரங்க எப்படி பிரிச்சு பாக்குறாங்க

ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு சென்னை ஈசிஆர்ல ரெண்டு விதமான சைக்கிள் போகும். ஒண்ணு, ஹெல்மெட், உடம்போட ஒட்டுன ஜெர்சி, கூலிங் கிளாஸ், பகல்லயே பளிச் பளிச்னு மின்னுற பின் லைட்டுன்னு கியர் சைக்கிள்ல கூட்டமா மகாபலிபுரம் வரைக்கும் போயிட்டு வழியில டிபன் சாப்ட்டு திரும்புற கோஷ்டி. இன்னொண்ணு பழைய ஹெர்குலிஸோ அட்லஸோ, கேரியர்ல மீன் கூடை, லுங்கிய மடிச்சு கட்டிக்கிட்டு தனியா மிதிக்கிற ஆளு. ரோடும் ஒண்ணுதான் ஓரமும் ஒண்ணுதான், ஆனா பின்னாடி வர்ற வண்டி ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மாதிரி நடந்துக்காது. ஜெர்சி போட்டவரு சிக்னல்ல நின்னா பக்கத்துல பைக்ல இருக்கறவரு குனிஞ்சு டயர பாத்துட்டு "எவ்ளோ சார் இது?"ன்னு கேப்பாரு, விலைய சொன்னா "அந்த காசுக்கு ஒரு பைக்கே வாங்கிடலாமே சார்"னு சிரிப்பாரு. மீன் கூடைக்காரருக்கு கிடைக்கிறது "யோவ் பெருசு, ஓரமா போயா". கொஞ்சம் தடுமாறிட்டாருன்னா "சாவுகிராக்கி, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

ஓட்டுறவனுக்கு முன்னாடி போற சைக்கிள பாக்க கிடைக்கிறது ரெண்டு மூணு செகண்டுதான், அதுலயும் முதுகு மட்டும்தான் தெரியும். அந்த முதுக வச்சு இவன் யாரு, நேரா போவானா ஆடுவானா, இடிச்சா கேக்க ஆள் இருக்கான்னு எல்லாத்தையும் மனசு முடிவு பண்ணிடுது, அதுல இருந்துதான் எவ்ளோ தள்ளி போறது, எவ்ளோ நேரம் ஹாரன அமுக்குறதுங்கறது வருது.

இத அளந்தே பாத்திருக்காங்க. இங்கிலாந்துல பாத் பல்கலைக்கழகத்துல இயன் வாக்கர்னு ஒரு மனோவியல் ஆராய்ச்சியாளர், 2006-ல தன்னோட சைக்கிள்ல ஒரு அல்ட்ராசோனிக் சென்சாரும் சின்ன கேமராவும் மாட்டிக்கிட்டு சாலிஸ்பரி, பிரிஸ்டல்னு ரெண்டு ஊர்ல சுத்துனாரு, தன்ன ஓவர்டேக் பண்ற ஒவ்வொரு வண்டியும் எவ்ளோ தள்ளி போகுதுன்னு சென்சார் பதிவு பண்ணும், அப்படி 2,300-க்கு மேல ஓவர்டேக்குகள பதிவு பண்ணாரு. பாதி நேரம் ஹெல்மெட் போட்டு, பாதி நேரம் வெறும் தலையோட. ஹெல்மெட் போட்டப்ப வண்டிங்க, போடாதப்ப விட சராசரியா 8.5 சென்டிமீட்டர் கூடுதலா நெருங்கி போச்சு. அவரோட விளக்கம், ஹெல்மெட் போட்டிருந்தா 'இவன் அனுபவசாலி, ஆடாம ஓட்டுவான்'னு ஓட்டுறவங்க நினைச்சுக்கிறாங்கன்னு. அப்பறம் நீளமா பொம்பள முடி மாதிரி ஒரு விக்க மாட்டிக்கிட்டு ஓட்டி பாத்தாரு, அதுக்கு 14 சென்டிமீட்டர் அதிகமா இடம் கிடைச்சுது. அந்த சோதனை நடந்தப்ப ரெண்டு தடவ அவர இடிச்சே இருக்காங்க, ஒரு தடவ பஸ்சு, ஒரு தடவ லாரி, ரெண்டு தடவயும் ஹெல்மெட்டோடதான் இருந்தாரு.

இதுல ஹெல்மெட் விஷயத்த மட்டும் உருவி எடுத்துக்கிட்டு 'ஹெல்மெட் போடாதீங்க'ன்னு ஒரு கோஷ்டி கிளம்பிடுச்சு, ஆனா அவரு அப்படி சொல்லல. 2013-ல ஆஸ்திரேலியாவுல ரெண்டு பேரு அதே டேட்டாவ திருப்பி அலசிட்டு, ஒரு மீட்டருக்குள்ள வர்ற ஆபத்தான ஓவர்டேக்க மட்டும் எடுத்து பாத்தா ஹெல்மெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் தெரியலன்னாங்க, வாக்கர் தரப்பு அதுக்கும் பதில் எழுதுச்சு, அந்த சண்டை இன்னும் ஓடுது. எனக்கு அதவிட முக்கியமா பட்டது வேற ஒரு வரி. காருங்க சராசரியா 1.33 மீட்டர் தள்ளி போச்சு, லாரிங்க 1.14, பஸ்சுங்க 1.10. அதாவது எவ்ளோ பெரிய வண்டியோ அவ்ளோ கிட்ட. பெரிய வண்டி பக்கத்துல உரசுற மாதிரி போனா என்ன ஆகும்னு சைக்கிள் ஓட்டுனவங்களுக்கு தெரியும், முதல்ல காத்து வெளிய தள்ளும், வண்டி தாண்டுற நேரத்துல உள்ள இழுக்கும், ரெண்டுக்கும் நடுவுல ஹேண்டில் ஒரு நொடி நம்ம பேச்ச கேக்காது.

வாக்கர் அதோட விடல. இன்னும் ரெண்டு பேரோட சேந்து, தினமும் வேலைக்கு போற ரூட்ல ஏழு விதமான உடுப்புல ஒரு சைக்கிள்காரர ஓட்ட வச்சு, 5,690 ஓவர்டேக்க அளந்து 2014-ல வெளியிட்டாங்க. ரேஸ் ஓட்டுறவர் மாதிரி உடம்போட ஒட்டுற லைக்ரா துணி, சாதா உடுப்பு, பளபளன்னு மின்னுற மஞ்ச ஜாக்கெட்டு, 'நான் புதுசா கத்துக்கிறேன்'னு முதுகுல எழுதுன ஜாக்கெட்டு, இப்படி. முந்தி சொன்ன கணக்குப்படி பாத்தா கத்துக்குட்டிக்கு அதிகமா இடம் கிடைச்சிருக்கணும் இல்லையா, கிடைக்கல. ஏழு உடுப்புல ஒண்ணே ஒண்ணுதான் கொஞ்சமாவது வேலை செஞ்சுது, போலீஸ்ங்கற எழுத்தும் வீடியோ பதிவாகுதுங்கற எச்சரிக்கையும் இருந்த ஜாக்கெட்டு, அதுக்கு சராசரியா 122 சென்டிமீட்டர். மொத்த சராசரி 117.5. தூரத்துல இருந்து பாத்தா போலீஸ் ஜாக்கெட் மாதிரியே தெரியுற, ஆனா போலீஸ்னு எழுதாத இன்னொண்ணையும் போட்டு பாத்தாங்க, அதுல யாரும் ஏமாறல.

அந்த ஆராய்ச்சியில உண்மையிலயே வயித்த கலக்குறது என்னன்னா, என்ன உடுப்பு போட்டாலும் நூறுல ஒண்ணு ரெண்டு வண்டி அம்பது சென்டிமீட்டருக்குள்ள வந்துதான் போச்சு. ஆள கொல்றது சராசரி இல்ல, அந்த ஒண்ணு ரெண்டுதான். உடுப்ப பாத்து ஒரு நாலு விரக்கட அளவு தள்ளி போறவன் எப்படியும் இடிக்க மாட்டான், இடிக்கப் போறவன் உடுப்ப பாக்கவே இல்ல. சைக்கிள்காரன் எப்படி உடுத்தணும்னு அவனுக்கு பாடம் எடுக்குற எல்லாருக்கும் இத ஒரு தடவ காட்டணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

விக்கு விஷயமும் எல்லா ஊருக்கும் பொருந்தல. அமெரிக்காவுல மினியாபோலிஸ் பக்கம் 2019-ல இதே மாதிரி சென்சார் கட்டி பாத்தப்ப, பொம்பளைங்க ஓட்டுற சைக்கிள்கிட்டதான் வண்டிங்க அதிகமா நெருங்கி போச்சுன்னு வந்துச்சு. ஒரு ஊர்ல 'பாவம் பொண்ணு'ன்னு தள்ளி போறான், இன்னொரு ஊர்ல 'பொண்ணுதானே'ன்னு ஒட்டி போறான். ஆள பாத்து எடை போடுறது எல்லா ஊர்லயும் நடக்குது, தராசுதான் ஊருக்கு ஊர் வேற.

ஆஸ்திரேலியாவுல தராசு இன்னும் மோசம். 2019-ல வந்த ஒரு ஆய்வுல 442 பேர்கிட்ட, குரங்குல இருந்து மனுஷன் வரைக்கும் போகுற அந்த பழைய பரிணாம படம் இருக்குல்ல, அதையோ, கரப்பான்பூச்சில இருந்து மனுஷன் வரைக்கும் போகுற மாதிரி ஒரு படத்தையோ காட்டி, சைக்கிள் ஓட்டுறவங்கள இதுல எங்க வைப்பீங்கன்னு கேட்டாங்க. சைக்கிள் ஓட்டாதவங்கள்ல 55 சதவீதம் பேரு முழு மனுஷனுக்கு கீழதான் வச்சாங்க. சைக்கிள் ஓட்டுறவங்களே 30 சதவீதம் பேரு அப்படி வச்சது தனி கூத்து. வேணும்னே கார வச்சு சைக்கிள மறிச்சிருக்கேன்னு 17 சதவீதம் பேரும், வேணும்னே ஒட்டி ஓட்டியிருக்கேன்னு 11 சதவீதம் பேரும் ஒத்துக்கிட்டாங்க, கீழ வச்சவங்கதான் இத அதிகமா செஞ்சவங்க. அப்பறம் 2023-ல குயின்ஸ்லாந்துல இருந்து வந்த ஒரு ஆய்வு, ஹெல்மெட்டோ பாதுகாப்பு ஜாக்கெட்டோ போட்ட ஆளுதான் வெறும் தலையோட போறவர விட மனுஷத்தன்மை கம்மியா தெரியுறாருன்னுச்சு. பாக்குறவனுக்கு ஒரு மஞ்ச உருவம்தான் போல.

அங்க எல்லாம் திட்டு வாங்குறது லைக்ரா கோஷ்டிதான். 'ரோட்ட அடைச்சுக்கிட்டு விளையாடுறான்', 'வரி கட்டாம ஓட்டுறான்', இப்படி. இங்க வந்தா அது அப்படியே தலைகீழா இருக்கு, அதுதான் எனக்கு இந்த விஷயத்துலயே பிடிபடாம ரொம்ப நாள் உறுத்துனது. நம்ம ஊர்ல லைக்ராவுக்கு சார் பட்டம், லுங்கிக்கு சாவுகிராக்கி.

நான் யோசிச்சு பாத்ததுல காரணம் இதுதான்னு தோணுது. அந்த ஊர் ஓட்டுநருங்க பல பேரு தினமும் சைக்கிள்ல போய் வளராதவங்களா இருக்கலாம். இங்க கார் ஓட்டுற முக்காவாசி பேரு, குறிப்பா நாப்பது தாண்டுனவங்க, குரங்கு பெடல் போட்டு முட்டிய தேச்சு வளந்தவங்கதான். வாடகை சைக்கிள் கடையில மணி கணக்குல எடுத்தவங்க, டபுள்ஸ் போயி போலீஸ்கிட்ட மாட்டி காத்த புடுங்கி விட்டு தள்ளிட்டு வந்தவங்க. அவங்களுக்கு சைக்கிள் தெரியாம இல்ல. நல்லாவே தெரியும், அது தாங்க ஏறி வந்த படின்னும் தெரியும். சைக்கிள்ல இருந்து டிவிஎஸ் ஃபிப்டி, அதுல இருந்து பைக்கு, அதுல இருந்து காருன்னு ஏறுனவனுக்கு கீழ் படியில இன்னும் நிக்கிறவன பாத்தா வர்ற எரிச்சல் தனி ரகம். 2011 சென்சஸ்ல இந்தியாவுல 44.8 சதவீத வீட்டுல சைக்கிள் இருந்துச்சு, கார் இருந்த வீடு 4.7 சதவீதம்தான். அப்ப ரோட்ல சைக்கிள்னா அது ஏழைங்கற முடிவுக்கு ஓட்டுநர் வர்றது பெரிய ஆச்சரியம் இல்ல. ஜெர்சி போட்டவரு இந்த கணக்குக்குள்ள வரல, அவரு கார வீட்ல நிறுத்திட்டு வந்தவரு. அவருக்கு கிடைக்கிற 'சார்' சைக்கிளுக்கு இல்ல, வீட்ல நிக்கிற அந்த காருக்கு.

வேலைக்கு சைக்கிள்ல போறவங்களுக்குள்ளயே மறுபடி தரம் பிரிப்பாங்க. கேஸ் சிலிண்டர ரெண்டு பக்கமும் தொங்க விட்டு போறவருக்கு எல்லாரும் ஒதுங்குவாங்க, மரியாதைல இல்ல, சிலிண்டர் பயம். ராத்திரி டீ கேன் கட்டிக்கிட்டு வர்றவர ஆட்டோக்காரங்க ஹாரன் அடிக்காம 'அண்ணே ஒரு டீ'ன்னு நிறுத்துவாங்க, அவரு அவங்க ஆளு. காக்கி சட்டையோ நீல சட்டையோ போட்டு நைட் ட்யூட்டி முடிச்சு வர்ற செக்யூரிட்டி தாத்தாவ யாருமே பாக்குறது இல்ல. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓஎம்ஆர் பக்கம் ஷிப்ட் விடுற நேரத்துல செகண்ட் ஹேண்ட் சைக்கிள்ல கூட்டமா போற வட மாநில தொழிலாளிங்களுக்குத்தான் இருக்கறதுலயே கடைசி இடம், அவங்களுக்கு ஹாரன் மட்டும் இல்ல, கூடவே ரெண்டு அரைகுறை இந்தி கெட்ட வார்த்தையும் வரும், திருப்பி கேக்க மாட்டாங்கங்கற தைரியம்.

ஸ்கூல் பசங்க கதை வேற. அரசு தர்ற விலையில்லா சைக்கிள் 2001 வாக்குல ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு பின்னாடி அரசு, உதவி பெறும் பள்ளிகள்ல பதினோராவது படிக்கிற எல்லாருக்கும்னு ஆச்சு, அதனால சாயங்காலம் நாலரைக்கு எந்த டவுன் ரோட்டுக்கு போனாலும் ஒரே மாதிரி சைக்கிள்ல ரெண்டு ரெண்டு பேரா பேசிக்கிட்டே போற பொண்ணுங்கள பாக்கலாம். லாரிக்காரரு தூரத்துலயே ஒரு சின்ன ஹாரன் கொடுத்துட்டு வேகத்த குறைப்பாரு, பல தடவ பாத்திருக்கேன், கூட இருக்குற கிளீனர் தலைய வெளிய நீட்டி "பாப்பா ஓரமா போம்மா"ன்னு சொல்லுவாரு. அதே பொண்ணுங்கள உரசுற மாதிரி வந்து கட் அடிச்சு போறது பைக்ல வர்ற பசங்க. அது ஓவர்டேக்கே இல்ல, அது வேற சமாச்சாரம், ஆனா அடிபட்டா ரெண்டுக்கும் எலும்பு ஒரே மாதிரிதான் உடையும். புதுக்கோட்டையில 1990-கள் ஆரம்பத்துல எழுதப் படிக்க சொல்லித் தர்ற அறிவொளி இயக்கம் நடந்தப்ப, அப்ப கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் முயற்சியில கிராமத்து பொம்பளைங்க ஆயிரக்கணக்குல சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அவங்க கேட்ட கேலி பேச்சும் கொஞ்ச நஞ்சம் இல்ல. பொம்பள சைக்கிள்ல போறதே செய்தியா இருந்த ஊர்ல ஒரு தலைமுறைக்குள்ள யூனிஃபார்ம் போட்ட பொண்ணுங்க ரோட்ட நிறைச்சதுக்கு அப்பறம், லாரிக்காரருக்கு அது பழகிப்போச்சு. எண்ணிக்கை கூடுனா ஓட்டுறவன் தானா கவனிக்க ஆரம்பிச்சிடுவாங்கறத வெளிநாட்டுல பெரிய கோட்பாடாவே பேசுறாங்க, நம்ம நாலரை மணி ரோட்டுலயே அது தெரியும்.

இதுல கார் ஓட்டுறவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, சொல்லாம விட முடியாது. 'சைக்கிள்காரன் திடீர்னு உள்ள வர்றான் சார்' அப்படிங்கறது எல்லா ஓட்டுநரும் சொல்றது. உண்மைதான், வர்றான். ஏன் வர்றான்னு பாக்கணும்னா ஒரு நாள் நம்ம ஊர் ரோட்டோட இடது ஓரத்துல ஒரு கிலோமீட்டர் மிதிச்சு பாக்கணும். தார் முடியுற இடத்துல மணல் குவிஞ்சு கெடக்கும், ரோட்ட விட ரெண்டு இஞ்ச் பள்ளத்துல ஒரு மழைநீர் வடிகால் மூடி, அதுக்கு அடுத்தது பாதி ரோட்டுல ஏறி நிக்கிற ஷேர் ஆட்டோ, அதுக்கு அடுத்தது கதவ எப்ப தொறப்பான்னு தெரியாம நிக்கிற காரு, அப்பறம் எதிர் திசையில ராங் சைடுல வர்ற பைக்கு. ஒவ்வொண்ணுக்கும் சைக்கிள்காரர் வலது பக்கம் ஒரு மீட்டர் வந்துதான் ஆகணும். அனுபவம் உள்ளவரு முன்னாடியே கொஞ்சம் உள்ள தள்ளி நேர் கோட்டுல போவாரு, அப்படி போனா 'நடு ரோட்ல போறான் பாரு'ன்னு திட்டு. ஓரமா போயி மூடி வந்தப்ப வளைஞ்சா 'திடீர்னு வர்றான்'னு திட்டு. ஹெல்மெட்டு ஜெர்சி எல்லாம் இருந்தா இவரு பள்ளத்த பாத்து ஒதுங்குறாருன்னு புரிஞ்சுக்கிற அதே ஓட்டுநர், லுங்கிய பாத்தா இவன் குடிச்சிருக்கான்னு முடிவு பண்றான். வளைஞ்சது என்னவோ ஒரே பள்ளத்துக்குத்தான்.

ராத்திரி ஆனா மரியாதை வித்தியாசம் எல்லாம் போயிடும், யாரு கண்ணுக்கு தெரியுறாங்கங்கறது மட்டும்தான் மிச்சம், அங்கயும் ஏழைதான் அடிவாங்குறாரு. முன்ன டைனமோ இல்லாம ராத்திரி ஓட்டுனா போலீஸ் பிடிப்பாங்க, இப்ப அந்த டைனமோவும் போச்சு பிடிக்கிறவங்களும் போயாச்சு. ஜெர்சிக்காரரோட பின் லைட்டு அரை கிலோமீட்டர் தள்ளியே கண்ண குத்தும். பழைய சைக்கிளோட மட்கார்டுல இருக்குற ரிஃப்ளெக்டர் மண்ணு படிஞ்சு செத்து போயி கெடக்கும்.

அரசாங்க கணக்குப்படி 2022-ல இந்தியாவுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேரு, அதுல 4,800 பேருக்கு மேல சைக்கிள்ல போனவங்க. அந்த அட்டவணையில சைக்கிள்னு ஒரே ஒரு கட்டம்தான். ஜெர்சியா, லுங்கியா, யூனிஃபார்மா, எதுவும் அதுல தெரியாது. போலீஸ் ஸ்டேஷன் எஃப்ஐஆர்ல தொழில் என்னன்னு ஒரு வரி இருக்கும், அது மேல போற கணக்குல சேராது.

சட்டம் எப்படி பாக்குதுங்கறதுலயும் ஊருக்கு ஊர் தராசு மாறுது. பிரிட்டன்ல 2022 ஜனவரி கடைசியில 'ஹைவே கோடு'ங்கற சாலை விதி புத்தகத்த திருத்துனப்ப, அடிச்சா யாரால அதிக சேதம் பண்ண முடியுமோ அவங்களுக்குத்தான் அதிக பொறுப்புன்னு வரிசை போட்டு எழுதிட்டாங்க, மணிக்கு 30 மைல் வரைக்கும் குறைஞ்சது 1.5 மீட்டர் தள்ளி ஓவர்டேக் பண்ணணும்னும் சொல்லிட்டாங்க. ஜெர்மனியில ஊருக்குள்ள 1.5, வெளிய 2 மீட்டர், 2020-ல இருந்து. நெதர்லாந்துல இன்னும் ஒரு படி மேல, பதினாலு வயசுக்கு கீழ உள்ள பிள்ளை சைக்கிள்ல வந்து கார்ல மோதுனா, கிட்டத்தட்ட எந்த சூழ்நிலையிலயும் நஷ்டம் முழுசும் கார்க்காரர் தலையிலதான், பெரியவங்கன்னாலும் பொதுவா பாதியாவது. நம்ம ஊர்ல லைசென்ஸ் டெஸ்ட்ல எட்டு போட சொல்லுவாங்க, சைக்கிள எவ்ளோ தள்ளி தாண்டணும்னு யாரும் கேட்டு நான் பாத்ததில்ல. கொல்கத்தாவுல ஒரு படி கீழயே போயி 2013-ல 174 ரோட்ல சைக்கிள் வரவே கூடாதுன்னு போலீஸ் தடை போட்டுச்சு, பால்காரரும் பேப்பர்காரரும் தெருவுல எறங்கி கத்துனப்பறம்தான் லிஸ்ட்ட குறைச்சாங்க. இடிக்கிற வண்டிய விட்டுட்டு இடி வாங்குறவர ரோட்ட விட்டு தூக்குற யோசனை அது.

அடிபட்டதுக்கு அப்பறம் நடக்குறதுலயும் இந்த பாகுபாடு இருக்கு. சைக்கிள்காரருக்கு இன்சூரன்ஸ் தேவையே இல்ல, இடிச்ச வண்டியோட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்ல கேக்கலாம். இடிச்சவன் நிக்காம ஓடிட்டா கூட, 2022 ஏப்ரல்ல இருந்து உயிர் போனா ரெண்டு லட்சம், பலத்த காயம்னா அம்பதாயிரம்னு அரசு திட்டம் இருக்கு. ஜெர்சிக்காரர் வீட்டுக்கு இதெல்லாம் தெரியும், தெரியலன்னாலும் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வக்கீல் இருப்பாரு. செக்யூரிட்டி தாத்தா குடும்பம் ஆஸ்பத்திரி வாசல்ல யாரோ கொடுக்குற சில ஆயிரத்த வாங்கிக்கிட்டு கேஸ் வேணாம்னு எழுதி கொடுத்துடும்.

வாக்கரோட அந்த சென்சார் ஒண்ணும் பெரிய ராக்கெட் இல்ல, அல்ட்ராசோனிக் சென்சார் இன்னிக்கு சென்னையோட எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்ல சல்லிசா கிடைக்கும். அத ஒரு பழைய ஹெர்குலிஸ்ல கட்டி, ஒரே ஆள ஒரு வாரம் லுங்கியோட, ஒரு வாரம் ஜெர்சியோட, ஒரு வாரம் செக்யூரிட்டி சட்டையோட அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டுல ஷிப்ட் நேரத்துல ஓட்ட வச்சு எந்த காலேஜ் பசங்களாவது ப்ராஜெக்ட்டா பண்ணலாம். காருங்க ஜெர்சிக்கு நாலஞ்சு சென்டிமீட்டர் கூட கொடுக்கும், கம்பெனி பஸ்சும் தண்ணி லாரியும் மூணு உடுப்புக்கும் ஒரே மாதிரி ஒட்டித்தான் போகும்ங்கறது என்னோட பந்தயம். சென்சார வலது பக்கம் ஹேண்டில் முனைய தாண்டாம மாட்டணும், இல்லன்னா முத நாளே அத தட்டிட்டு போயிடுவாங்க.